நாடியை எண்ணத் தெரிந்தவரை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பாதீர்கள்

அவசர அம்புலன்ஸ் சேவைக்கு ஆட்களைத் தெரிவுசெய்வோருக்கும், வடக்கில் சுகாதாரப் பயிற்சிகளுக்குப் பொறுப்பாக இருப்போருக்கும் வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

நான் ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை வன்னி வைத்தியசாலைகளில்தான் கழித்தேன். இப்போது கிளிநொச்சியில் வார இறுதிகளில் இளையோருக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு யாராவது ஒருவர் தயங்கி நிற்பார். "மிஸ், அம்புலன்ஸில் வேலைக்குச் சேர எனக்கு வழி இருக்கிறதா?" என்று கேட்பார். நான் வாய் திறப்பதற்கு முன்னரே பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: "சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் டபிள்யூ, சித்தியில்லை. உயர் தரத்தில் கலைப்பிரிவு."

இந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்லவேண்டியதை நேரிலேயே சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் சொல்லவேண்டியதுதான் இந்த மடல்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தரத்தைக் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. பயிற்சி முடிவில் நீங்கள் வைக்கும் பரீட்சை இன்றிருப்பதைவிடக் கடினமாக இருந்தாலும் எனக்குச் சம்மதமே. நள்ளிரவில் என் வீட்டு வாசலுக்கு வருகிறவர் அரைகுறையாகக் கற்றவராக இருப்பதை நானும் விரும்பமாட்டேன். நான் மாற்றச் சொல்வது பயிற்சிக்குள் நுழைவதற்கு முன் வைக்கும் நிபந்தனையை. பதினாறு வயதில் எழுதிய ஒரு பரீட்சையின் பெறுபேற்றை வைத்து, இருபத்தைந்து வயதில் ஒருவர் உயிர்காக்கும் வேலைக்குத் தகுதியானவரா என்று முடிவுகட்டுவதை விடுங்கள் என்கிறேன்.

அந்த டபிள்யூ எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2009இல் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதும் வயதில் இருந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பிள்ளை படித்த பாடசாலையே போரால் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. பிறகு செட்டிகுளத்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே வகுப்பு. மீள்குடியேறி ஊருக்குத் திரும்பினால் கூரையில்லாத கட்டடம். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை. வந்த ஆசிரியரும் இடமாற்றக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அதற்குப் பின்னர் பிறந்தவர்களின் நிலைமை இதைவிட நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உயர் தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலை இன்றைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்தில் இல்லை. உட்கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவில் சேர்வது பல வேளைகளில் விருப்பத்தால் அல்ல. பஸ் அந்தப் பாடசாலையோடு நின்றுவிடுவதால்தான். "விஞ்ஞானப் பிரிவில் படித்திருக்கவேண்டும்" என்று நீங்கள் கேட்டால், உண்மையில் "பட்டினத்துக்குக் கிட்ட வசித்திருக்கவேண்டும்" என்றுதான் கேட்கிறீர்கள்.

சரி, கணிதத்தில் டபிள்யூ வாங்கியவரால் அம்புலன்ஸுக்குள் கணக்குப் போடமுடியுமா? நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

அந்த வேலையில் கணக்கு உண்டு. தவறினால் ஆள் சாகும் கணக்கு. ஆனால் அது எந்தக் கணக்கு என்று பாருங்கள். 340 லீற்றர் கொள்ளும் ஒட்சிசன் சிலிண்டர் நிறைந்திருக்கிறது. நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுக்கிறீர்கள். எவ்வளவு நேரம் தாங்கும்? 34 நிமிடம். மூச்சுத் திணறல் கூடி 15 லீற்றருக்கு ஏற்றினால்? 23 நிமிடம்கூட இல்லை. துணுக்காய்க்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போய்ச்சேர அது போதுமா, இடையில் மல்லாவியில் நிறுத்தி மாற்றவேண்டுமா? இந்தக் கணக்கை வகுப்பில் கொடுத்தேன். பரீட்சையில் இரண்டு முறை தவறிய ஒரு தம்பி எல்லோருக்கும் முன்னர் விடையைச் சொன்னார். அவர் வீட்டில் கச்சான் தோட்டம். நீர்ப்பம்பித் தாங்கியில் எத்தனை லீற்றர் மண்ணெண்ணெய் கிடக்கிறது, எத்தனை பாத்தி நனையும் என்று சின்ன வயதிலிருந்து கணக்குப் பார்த்துப் பழகியவர். இதுவும் அதே கணக்குத்தான் என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

சேலைன் துளிகளும் அப்படித்தான். 500 மில்லிலீற்றரை நான்கு மணித்தியாலத்தில் ஏற்றவேண்டும், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய் என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான். இருபடிச் சமன்பாடும் வட்டத் தேற்றமும் இந்த வண்டிக்குள் ஏறுவதில்லை. தேவையான கணக்கைத் தனியாக எடுத்து, ஒரு மாதம் ஒழுங்காகப் படிப்பித்து, அதில் மட்டும் பரீட்சை வையுங்கள். நூற்றுக்கு நூறு எடுக்காதவரை அனுப்பிவிடுங்கள். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பரீட்சைப் பெறுபேறு உங்களுக்குக் காட்டித் தராத ஒன்றை இனிச் சொல்கிறேன். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

நாடித் துடிப்பு எண்ணும் பயிற்சி ஒன்று வைத்தேன். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்து, ஒரு முழு நிமிடம் எண்ணித் தாளில் எழுதவேண்டும். நல்ல பெறுபேறுகளோடு வந்திருந்த ஒருவர் தாளை முதலில் நீட்டினார். அதில் 72 என்றிருந்தது. புத்தகத்தில் உள்ள எண். எதிரே இருந்த பிள்ளை தாமதமாகி ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணியபோது நூறைத் தாண்டியது. இன்னொரு மூலையில் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு தங்கை தாளை வெறுமையாக வைத்துக்கொண்டிருந்தார். "எனக்குப் பிடிபடவில்லை மிஸ். விரலை எங்கே வைப்பது என்று இன்னொரு தரம் காட்டுங்கள்" என்றார்.

இந்த இருவரில் எவரை அம்புலன்ஸில் ஏற்றுவீர்கள்? தெரியாததைத் தெரியாது என்று சொல்பவருக்கு நான் ஒரு வாரத்தில் நாடி பார்க்கப் பழக்கிவிடுவேன். எண்ணாமல் எண் எழுதுகிறவரைத் திருத்த என் பணிக்காலம் முழுவதும் எனக்கு வழி கிடைத்ததில்லை. வைத்தியசாலைக்கு வரும் தாளில் உள்ள குருதி அமுக்கத்தை நம்பித்தான் வைத்தியர் மருந்தைத் தீர்மானிக்கிறார். அந்த எண் பொய்யென்றால் அதற்குப் பின் நடக்கும் எல்லாமே பொய். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் இதைச் சோதிக்க ஒரு கேள்விகூட இல்லை.

நிலத்தை அறிந்த அறிவு என்று ஒன்றும் இருக்கிறது. 1990 என்ற இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸை வரவழைக்கும் வசதி 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. அது எத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்பதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். அந்த நன்றி எங்களுக்கு உண்டு. ஆனால் வன்னியில் அழைப்பவர் சொல்லும் முகவரியைக் கேட்டிருக்கிறீர்களா? "இரண்டாம் வாய்க்கால் தாண்டி, பழைய சங்கக்கடை அத்திவாரம் தெரியும், அதற்குப் பின்னால் ஒழுங்கை." அந்தச் சங்கக்கடை இப்போது இல்லை, அத்திவாரத்தின் மேல் பற்றை வளர்ந்திருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே கொண்டுபோய் வண்டியை நிறுத்தும். வேறு மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று, எப்போது இடமாற்றம் வரும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இருட்டில் மூன்று தரம் சுற்றுவார்.

இன்னொரு பயிற்சி. நான் நோயாளியாக நடித்தேன். விடிகாலை, கடும் வயிற்று வலி, இரண்டு தரம் வாந்தி. என்ன கேட்பீர்கள் என்றேன். என்ன சாப்பிட்டீர்கள், முன்னரும் இப்படி வந்ததா, காய்ச்சல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாம் சரியான கேள்விகள்தான். அறுவடைக் காலத்தில் வயற்காவலுக்குப் போகும் ஒருவர் மட்டும், "இரவு எங்கே படுத்திருந்தீர்கள்? தரையிலா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே நான் அன்று அந்த வேடம் போட்டேன். கட்டுவிரியன் பாம்பு இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். புடையன் கடித்தால் கால் வீங்கி வலிக்கும், யாருக்கும் தெரியும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமும் இராது, பெரிதாக வலியும் இராது. பல் பட்ட தடம்கூடத் தேடினால்தான் கிடைக்கும். வயிற்று வலி என்று எழும்புவார்கள். வீட்டில் வாய்வுக் குத்து என்று இஞ்சி இடித்துக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் கண் இமை சரியும், எச்சில் விழுங்கமுடியாது போகும், பிறகு மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். வைத்தியசாலைக்குப் போய்ச்சேரும்வரை பக்கத்தில் இருப்பவர் விடாமல் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் பிழைக்க வழியுண்டு. காவற்கொட்டிலில் படுத்த அனுபவத்திலிருந்து வந்த அந்தக் கேள்விக்கு எந்தப் பரீட்சையில் புள்ளி போடுகிறீர்கள்?

படிக்காதவர்களை வைத்து எங்கேயாவது இப்படி நடந்திருக்கிறதா என்று ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். நடந்திருக்கிறது. அதுவும் உலகமே பார்த்துப் பின்பற்றிய நாட்டில்.

1967இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில், ஃபிரீடம் ஹவுஸ் என்ற அம்புலன்ஸ் சேவைக்கு அத்திவாரம் போட்டார்கள். அதுவரை அந்த நகரில் நோயாளியைப் பொலிஸ் வண்டியின் பின்புறத்தில் கிடத்திக் கொண்டுபோவதுதான் வழக்கம். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை மருத்துவ உலகம் ஏற்கச்செய்தவர்களில் முதன்மையானவரான வைத்தியர் பீற்றர் சாஃபர், அந்தச் சேவையின் ஊழியர்களுக்கான பாடத்திட்டத்தை வகுத்தார். ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சி. யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? வேலையில்லாதவர்கள், பாடசாலையை இடையில் விட்டவர்கள், வியட்னாம் போரிலிருந்து திரும்பியவர்கள், பொலிஸ் பதிவில் பெயர் இருந்தவர்கள். எந்த வேலைக்கும் உதவாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஆட்கள். அமெரிக்காவின் முதல் பராமெடிக்குகளாக, அதாவது அம்புலன்ஸிலேயே சிகிச்சை தரப் பயிற்றப்பட்டவர்களாக, இன்று போற்றப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1975இல் மாநகர நிர்வாகம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, ஃபிரீடம் ஹவுஸை மூடியது. உள்வாங்கப்பட்ட ஊழியர்களில் பெரும்பாலோர் புதிய பரீட்சைகளாலும் புதிய விதிகளாலும் சில ஆண்டுகளுக்குள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். வேலை தெரிந்தவரைத் தாளைக் காட்டி வெளியேற்றும் வித்தை நமக்கு மட்டும் சொந்தமானதல்ல போலும்.

பிற்ஸ்பேர்க் தூரம் என்றால் முகமாலைக்கு வாருங்கள். மிதிவெடி அகற்றும் வேலைக்கு ஆட்களை எடுத்தபோது கல்விச் சான்றிதழை ஒரு தடையாக வைக்கவில்லை. கணவனை இழந்த பெண்கள், குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள், பாடசாலையை இடைநடுவில் விட்டவர்கள் எனப் பலர் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் செய்கிற வேலையில் ஒரு விரற்கடை தவறினால் கையில்லை. பயிற்சியும் ஒழுங்கும் இருந்தால் சாதாரண தரம் சித்தியடையாத ஒருவர் எத்தனை நுட்பமான வேலையைச் செய்வார் என்பதற்கு இந்த மண்ணிலேயே இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

அங்கே இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். சர்வதேச நியமங்களின்படி வெடிபொருள் அகற்றும் ஒவ்வொரு தளத்திலும் மருத்துவ உதவியாளரும் காயப்பட்டவரைக் கொண்டுபோக வாகனமும் ஆயத்தமாக இருக்கவேண்டும். அதற்காகப் பயிற்றப்பட்டவர்கள் வன்னியில் இருக்கிறார்கள். குருதிப்பெருக்கை எப்படிக் கட்டுப்படுத்துவது, கட்டுப்போட்ட நேரத்தை எங்கே எழுதுவது, காயப்பட்டவரை அசையாமல் எப்படித் தூக்குவது என்று திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தவர்கள். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் இணைந்தது. நாட்டைத் துப்புரவாக்க அந்த உடன்படிக்கை கொடுத்த கெடு 2028 ஜூன் 1. கெடு நீளலாம், நீளாமலும் போகலாம். வேலை என்றோ ஒரு நாள் முடியத்தான் போகிறது, முடியவும் வேண்டும். அன்றைக்கு இந்த மருத்துவ உதவியாளர்கள் எங்கே போவார்கள்? ஆடைத் தொழிற்சாலை வரிசைக்கா, வெளிநாட்டு முகவர் வாசலுக்கா? தேசிய தொழிற்தகைமை முறையில், ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. தச்சருக்கும் மேசனுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். இவர்களையும் அந்த வழியில் மதிப்பிட்டு, குறைவதைச் சொல்லிக்கொடுத்து, உங்கள் சேவைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு வயதெல்லையைத் தளர்த்தவேண்டியிருக்கும். நாற்பது வயதுப் பெண்ணால் நோயாளியைத் தூக்கமுடியாது என்று யாராவது சொன்னால், ஒரு நாள் அந்த வெயிலில் அந்தக் கவச உடையோடு குந்தியிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆங்கிலம் என்பார்கள். மருந்தின் பெயர், உறுப்பின் பெயர், படிவத்தின் தலைப்பு என்று வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் ஒரு கொப்பியில் அடங்கும். நோயாளியைக் கையளிக்கும்போது வயது, நேரம், எப்படி நேர்ந்தது, எங்கே காயம், என்ன அறிகுறி, நாங்கள் என்ன செய்தோம் என்ற ஆறு விடயங்களை அதே ஒழுங்கில் சொல்லப் பழக்கினால் போதும். சிங்களமும் வேண்டும், வெலிஓயாவுக்கு அழைப்பு வந்தாலும், அநுராதபுரத்துக்கு நோயாளியை மாற்றினாலும் பேசத்தானே வேண்டும். இரண்டையும் பயிற்சிக்குள் வைத்துக் கற்பியுங்கள். ஆனால் பயிற்சியின் அடிப்படைப் பாடம் தமிழில் இருக்கட்டும். இதயம் நின்றவரின் நெஞ்சை ஐந்து சென்றிமீற்றருக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தவேண்டும் என்பது எந்த மொழியில் கற்றாலும் அதே ஆழம்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. என் வகுப்பில் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அவர்கள்தான், விண்ணப்பிக்காமல் நின்றுவிடுகிறவர்களும் அவர்கள்தான். இரவு வேலை முடிந்து வீடு திரும்ப வாகனமும், பூட்டுப் போடக்கூடிய ஓய்வறையும் உண்டென்று அறிவித்தலிலேயே அச்சிடுங்கள். தாய்மார் சம்மதிப்பார்கள்.

அப்படியானால் எல்லோரையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேனா? இல்லை. தமிழில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாதவரை எடுக்காதீர்கள்; அவருக்கு முதலில் வேறு உதவி வேண்டும். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைப் பார்த்து முகத்தைச் சுளிப்பவரை எடுக்காதீர்கள். விபத்து நடந்த இடத்தில் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கிறவரை, எத்தனை ஏ சித்தி இருந்தாலும், அந்த நிமிடமே அனுப்பிவிடுங்கள். இரத்தத்தைக் கண்டு முதல் நாள் மயங்கி விழுகிறவரை மட்டும் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். நானும் பயிற்சிக் காலத்தில் விழுந்தவள்தான்.

செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. முதலில் ஓர் அணியை மட்டும் எடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பிரதேச செயலகங்களின் அறிவித்தற் பலகைகளில் தமிழில் அறிவித்தல் போடுங்கள். வர்த்தமானியைத் தேடிப்பிடித்து வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் அறிவித்தல் கிடைப்பது போதாது. பெறுபேற்றுக்குப் பதிலாக ஒரு நாள் செய்முறைத் தேர்வு வையுங்கள். தெரிவானவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் பயிற்சி கொடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தங்குமிடமும், வீட்டில் அடுப்பெரியக்கூடிய அளவுக்குச் சிறு கொடுப்பனவும் வேண்டும். கூலிக்குப் போகாவிட்டால் சாப்பாடில்லை என்ற நிலையில் உள்ளவருக்கு இலவசப் பயிற்சியும் எட்டாத விலைதான். அதன் பின்னர் மற்ற எல்லோரும் எழுதும் அதே இறுதிப் பரீட்சைக்கு அவர்களையும் அனுப்புங்கள். பரீட்சகர்களை வடக்குக்கு வெளியிலிருந்து அழையுங்கள். அவர்களுக்குப் பரீட்சார்த்திகளின் பழைய பெறுபேறுகளைக் காட்டாதீர்கள். எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதை, வழமையான வழியில் வந்தவர்களின் கணக்கோடு பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். எங்கள் பிள்ளைகள் அதில் பின்தங்கினால், இந்த மடலை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செய்முறைத் தேர்வுக்கான மாதிரித் திட்டம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்பிவைக்கிறேன். பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர்,
கிளிநொச்சி